குப்பத்தாருக்கு ஆட்சேபணை இல்லை

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று லைட்ஹவுஸ் குப்பம் என்னை முழுக்கப் பார்த்துவிட்டது. முழுக்க என்றால் முழுக்க.

மகள் ஹேமாவதி சென்னையிலிருந்து அந்த ஹெட்செட்டைக் கொண்டுவந்திருந்தாள். தலையில் மாட்டினால் கொட்டகை மறைந்து வேறொரு அறை தெரிகிறது. மேசை மேல் ஒரு பொருள். அதைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. கைக்கடிகாரம், மிக்சி, ரேடியோ, எங்கள் படகு இன்ஜின். ஆமாம், எங்களுடையதேதான். மீன்பிடித் தடைக்காலத்தில் நான் அதைக் கரையில் பிரித்துப் போட்டபோது அவள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். வேலை செய்துகொண்டே நான் பேசியதையும் பிடித்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த விளையாட்டுக் கம்பெனியில் அவள் செய்த முதல் பொருள் அது. ஆடுகிறவன் போல்ட்டைக் கழற்றக் கழற்ற, பின்னாலிருந்து என் குரல் திட்டும்.

வலைக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டேன். முதல் நட்டு வந்தது. நட்டு வந்தால் லுங்கி மடியில் செருகிக்கொள்வது என் பழக்கம். செருகினேன். இல்லாத நட்டு எங்கே நிற்கும்? காணோமே என்று மடியை அவிழ்த்துத் தேடினேன். எனக்குத் தெரிந்தது இன்ஜின் மட்டும். மற்றவர்களுக்குத் தெரிந்தது மற்றது.

"யோவ் உலகு, இன்ஜினத்தான்யா கழட்டச் சொன்னாங்க!" என்றான் கருப்பன். என் படகுக் கூட்டாளி. செத்தாலும் இதை விடமாட்டான்.

(உள்ளே அரை டிரவுசர் இருந்தது. பிற்காலத்தில் யாராவது மாற்றிச் சொன்னால் இந்தப் பக்கம் சாட்சி.)

கிளம்பும்போது ஹேமா சொன்னாள்: மாதக் கடைசி வரை இது வெள்ளோட்டம். ஆடுகிறவர்கள் கருத்து எழுதுவார்கள். அவர்களுக்குப் பிடிக்காத பொருளைக் கம்பெனி தூக்கிவிடும். இன்ஜின் விளையாட்டில் நிலைத்தால் அவள் வேலை நிரந்தரம்.

"அந்தக் கருத்தெல்லாம் நீ படிக்காத நைனா."

ஆகஸ்ட் 13, புதன்

படித்தேன்.

எல்லாம் இங்கிலீஷ். போனே தமிழாக்கிக் கொடுத்தது. கடிகாரத்துக்கு ஆஹா ஓஹோ. மிக்சிக்குக் கைதட்டல். இன்ஜினுக்கு வந்தால் — "அசிங்கமான துருப்பிடித்த பொருள். யாருக்கு இது தேவை?" இன்னொருவன்: "நான் மனம் அமைதியாக இருப்பதற்காக விளையாடுகிறேன். இந்த மனிதர் என்னைக் கண்டிக்கிறார்." இன்னொருவன்: "முதியவரின் குரலைத் தாங்க முடியவில்லை. அவர் வாயை மூடுவதற்குப் பொத்தான் எங்கே?"

முதியவரா? எனக்கு ஐம்பத்திரண்டு!

துருவாம். டேய், அது துரு இல்லடா, உப்பு பூத்திருக்கு. தொட்டா உதிரும். அதைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் கருத்தா? நீ மத்தியானம் சாப்பிட்ட மீனு நீந்தியா வந்துச்சு உன் வீட்டுக்கு? வாய மூட பொத்தான் வேணுமாம். வாடா, வந்து நேர்ல அழுத்து.

வீட்டுக்காரி அம்பிகா எட்டிப் பார்த்து, "யாராண்ட சண்ட போட்டுக்கினு கீற?" என்றாள்.

"ஊர் தெரியாது" என்றேன். உண்மைதானே.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடலில் தொழிலின்போது கருப்பன் கேட்டான்: "இன்னா உலகு, தொண்ட கட்டிக்கிச்சா? பிளக்க மாத்தற, ஒரு வார்த்த திட்டல?" காற்று என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்னும் பதினைந்து இருபது பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவன் மட்டும் மனிதன்: "கழற்ற முடிகிறது, திரும்பப் பூட்ட முடியவில்லை. பிறகு எதற்குக் கழற்றுவது?" இவனுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். மற்றவனுக்கெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் போவதுதான் குஷி. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவானா?

ஹேமாவிடம் போனில் கத்தினேன்.

"நைனா, ஆடறவங்க அவங்க. அவங்க சொல்றதுதான் எடுபடும்."

"அவனுங்க இன்னா கடல்ல எறங்கினவனுங்களா?"

"எறங்கணும்னு இல்ல நைனா." குரல் சோர்ந்திருந்தது. "பாதிப் பேருக்கு மேல இன்ஜின எடுக்கச் சொல்றாங்க. பாக்கலாம்."

பாக்கலாமா? நானா பாக்கறவன்?

ஆகஸ்ட் 20, புதன்

விஷயத்தை ஊர்க் கூட்டத்தில் வைத்தேன். நம்ம பெண்ணின் வேலையை முகம் தெரியாதவன் எல்லாம் கூடிக் கெடுக்கிறான் என்றேன். ஊர் கொதித்துவிட்டது.

நம் கூட்டத்தில் வழக்கம் தெரிந்ததுதான். பேசுகிற வரை ஆளுக்கு ஆள் பேசலாம். தலைவர் முடிவைச் சொன்ன பிறகு வீட்டுக்கு ஒருவர் எழுந்து அதையே சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூட்டினாலும் குறைத்தாலும் அந்த வீட்டுக்கு முடிவில் சம்மதமில்லை என்று அர்த்தம். தலைவர் வீரராகவன் கண்ணை மூடி யோசித்துச் சொன்னார்: "இது நல்ல இன்ஜின். இதில் குப்பத்தாருக்கு ஆட்சேபணை இல்லை."

எல்லா வீட்டு போனிலிருந்தும் அதையே அனுப்பினோம். எழுத்துப் பிசகாமல். 'நீங்கள் ஆடினீர்களா' என்று ஒரு கட்டம் வந்தது. சிலர் தயங்கினார்கள்.

"உலகு ஆடினத ஊரே பாத்துச்சே, அப்பறம் இன்னா? ஆமான்னு போடு!" என்றான் கருப்பன்.

போட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேலே பூராவும் நம்ம கருத்துதான். வாயை மூடச் சொன்னவன் அடியில் எங்கேயோ கிடக்கிறான். இரண்டு துண்டு வஞ்சிரம் வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஹேமா அவள் அம்மாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். என்னிடம் பேசவில்லை.

ஒரே ஊரிலிருந்து, ஒரே சாயங்காலத்தில், ஒரே வாக்கியம். அவ்வளவும் பொய்க் கருத்து என்று ஆபீசில் அழித்துவிட்டார்கள். ஆள் பிடித்து எழுத வைத்தாயா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

பொய்யா? எவன் பொய்? ஒவ்வொருத்தனும் உசுரோட இருக்கான், வந்து எண்ணிக்கோ! நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் அது கருத்து. ஊரே கூடி ஒரே வார்த்தையாகச் சொன்னால் அது மோசடி. இது எந்த ஊர் நியாயம்?

தலைவர் காதுக்கும் போய்விட்டது. "பொய்யின்னு சொல்லிட்டானா? வேன் வை உலகு, ஆபீசுக்கே போலாம்" என்கிறார். நானும் சட்டையை மாட்டிவிட்டேன். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில், வேன் வேண்டாம், நானே போகிறேன் என்று.

அம்பிகா வாசலை மறித்து நின்றாள். "போன வாரம் நீ அவள காப்பாத்தினது போதும். ஒக்காரு."

உட்கார்ந்தேன். சட்டையைக் கழற்றவில்லை. சாயங்காலம் வரை சட்டையோடு உட்கார்ந்திருந்தேன், யாரோ கூப்பிடப் போகிற மாதிரி.

ஆகஸ்ட் 27, புதன்

கோபம் யார் மேல் என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்திருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஹேமா வந்தாள். நான் கரையில் இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தேன், இரண்டு நாளாக மக்கர் செய்கிறது. எதிரில் மணலில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். நட்டை அதில் போட்டேன். அடுத்ததையும் போட்டேன்.

"ஆபீஸ்ல ஒண்ணும் இல்ல நைனா. எங்க ஊர் கூட்டத்துல அப்பிடித்தான், ஒருத்தர் சொன்னத எல்லாரும் சொல்லுவாங்க, யாரையும் நான் ஆள் புடிக்கலன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. சிரிச்சாங்க."

"இன்ஜினு?"

"எடுத்துட்டாங்க."

"வேல?"

"இன்னும் ஆறு மாசம் பாப்பாங்களாம்."

ஸ்பேனர் கையிலேயே நின்றது. அவள் நட்டை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "இன்ஜின் இருக்கட்டும், அந்தக் குரல மட்டும் எடுத்துடுன்னாங்க. எடுத்திருந்தா அப்பவே நிரந்தரம். நான் மாட்டேன்னு சொல்ட்டேன்."

வந்ததே எனக்கு! "அறிவு கீதா உனக்கு? பொன்னேரி காலேஜுக்கு இதுக்கா பஸ் ஏறி ஏறிப் போன? வேல பெருசா, இந்தத் தகர டப்பா குரல் பெருசா? எவனோ புடிக்கலன்னா வெட்டிப் போட வேண்டியதுதான? துருப் புடிச்ச போல்ட்டு மாதிரி ஒரு எடத்துல மாட்டிக்கினா அசையறதே இல்ல, அப்படியே உங்க அம்மா! ஏய், அந்த வாஷர கீழ போடாத, மண்ணு ஏறும்—"

கருப்பன் அடுத்த படகிலிருந்து, "தொண்ட சரியாப்பூடுச்சு!" என்று கத்தினான்.

ஹேமா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பேசு நைனா" என்றாள். "இந்த போல்ட்டுக்கு இன்னா சொல்லுவ?"

எல்லா போல்ட்டுக்கும் சொன்னேன். திரும்பப் பூட்டும்போதும் சொன்னேன். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வாயை மூடச் சொன்ன அந்தக் கருத்தைப் படித்த நாளிலிருந்து, பக்கத்தில் யாரும் இல்லாதபோதெல்லாம் போனில் என் குரலைப் பதிந்து, காதில் வைத்துக் கேட்டு, கேட்டு, அழித்துக்கொண்டிருந்தேன் என்பதை.