பிரைவேட் நம்பர்

பெப்ரவரி 10, செவ்வாய். காலை 7.40. எடுக்காத அழைப்பு: இரண்டு.

மைனஸ் பதினெட்டு. எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு எலிவேற்றர் மறுபடி வேலை செய்யவில்லை. அம்மாவின் போனுக்கு அப்டேட் போட எடுத்தேன். போன வெள்ளி ஒன்று, அதற்கு முந்தின வெள்ளி ஒன்று. இரண்டும் பிரைவேட் நம்பர்.

"உதை ஏன் எடுக்கேல்லை, அம்மா?"

"உது கடன் கேக்கிறவன், இல்லாட்டி வீட்டுக் காத்துக்குழாய் துப்பரவாக்கட்டோ எண்டு கேக்கிற டக்ட் கிளீனிங்காரன். ஆர் எடுக்கிறது?"

மனநலச் சேவையின் அழைப்பு அது. அண்ணாவுக்கு. குடும்ப வைத்தியர் பெயர் கொடுத்து ஒன்பது மாதம். அண்ணாவின் போன் எப்போதும் அணைந்தபடி, அதனால் அம்மாவின் நம்பர். எனக்கு நிச்சயம். மாகாணத்தின் காத்திருப்புப் பட்டியலை ஓட்டும் புரோகிராமை எழுதியவன் நான். வாரம் ஒன்றாக மூன்று அழைப்பு. பெயருக்குரியவர் வாயால் "ஓம், நான்தான்" என்றால்தான் கணக்கு. வேறு ஆள் எடுத்தால் எங்கிருந்து என்று சொல்லாமல் வைத்துவிடுவார்கள். மூன்றும் தவறினால் 'விருப்பமில்லை' என்று கோப்பு மூடும். பிறகு வரிசையின் கடைசி.

மூன்றாவது, இந்த வெள்ளி.

அண்ணாவின் கதவு பூட்டு. வாசலில் வைத்த புட்டு அப்படியே. பஸ்ஸுக்கு ஓடினேன்.

மதியம்: சேவைக்கு எடுத்து என் நம்பரைக் கொடுக்கப் பார்த்தேன். மாற்றுவதென்றால் அண்ணாவே பேச வேண்டுமாம். அவர் பேசாததுதானே நோய்.

11, புதன். பனி. பஸ் பிந்தியது.

எங்கள் அலுவலக டைரக்டர் அருள்மேரிக்கு நாளை பிரியாவிடை. அவருடைய முப்பது வருடத்தை ஏழு சிலைடில் அடக்கு என்று எனக்கு உத்தரவு. மன்னார். அகதியாக வந்து அரச மனநல மருத்துவமனையில் இரவு உதவியாளர். பிறகு சமூகப் பணியாளர். வார்டுக் கதவுகளின் வெளிப்பூட்டைக் கழற்ற வைத்தவர். ஊருக்கொன்றாகக் கிடந்த பட்டியல்களை ஒன்றாக்கியவர். மூன்று அழைப்பு விதியும் அவருடையது. அதற்குப் பிறகு பட்டியல் மளமளவென்று குறைந்தது. சிலைட் 6: கீழே இறங்கும் கோடு.

சரிபார்க்க அவர் அறைக்குப் போனபோது நேரே சொன்னேன். "உந்தக் கோடு ஆக்கள் சுகமாகி இறங்கேல்லை. போன் எடுக்காததாலை இறங்கினது."

"மூண்டு தரம் அடிச்சும் எடுக்காட்டி என்ன செய்யிறது தம்பி? பின்னாலை எத்தினை பேர் நிக்கினம்?"

"நம்பரை ஏன் மறைக்கிறம்?"

"எங்கடை சனம்தான் கேட்டது. வீட்டிலை ஆக்கள் வந்திருக்கேக்கை போனிலை மனநலம் எண்டு விழுந்தால், பிறகு பிள்ளைக்குக் கலியாணம் பேச ஏலாது எண்டு அழுததுகள். சண்டை பிடிச்செல்லே மறைப்பிச்சனான்."

மேசையில் அவருடைய சொந்தப் போன் அதிர்ந்தது. பிரைவேட் நம்பர். பேச்சோடு பேச்சாகக் கட் பண்ணினார். "உவங்களுக்கு வேறை வேலையில்லை."

நான் போனைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து அவரும் பார்த்தார்.

"புது ஆளுக்கு எழுதி வைச்சிட்டுப் போறன்."

"எப்ப மாறும்?"

"கமிட்டி, லோயர்மார்... சம்மர் ஆகும்."

அண்ணாவைப் பற்றிச் சொல்லவில்லை. சலுகை கேட்டதாகிவிடும் என்றா, வாய் வரவில்லையா, தெரியவில்லை. சிலைட் 6 கோட்டின் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றினேன். நீலம்.

12, வியாழன். வெயில், ஆனால் குளிர்.

கேக், ரோல்ஸ், பற்றிஸ். அமைச்சிலிருந்து இரண்டு பேர். சிலைட் 6 வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும். அருள்மேரி "அடுத்தது" என்றார். அவர் அதைத் தாண்டிப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. பூட்டுக் கழற்றிய கதையைச் சொன்னார், சிரித்தார்கள்.

வெளிக்கிடும்போது எலிவேற்றர் வாசலில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"தம்பி, வீட்டிலை ஆர் பட்டியலிலை?"

"அண்ணா."

"மூண்டாவது எப்ப?"

"நாளைக்கு."

"கதைப்பாரோ?"

"தெரியாது."

குளிர்கோட்டின் பொத்தானைப் பூட்டினார். ஒன்று மாறிப் பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டினார். எலிவேற்றர் வந்தது. இறங்கினோம். அவ்வளவுதான்.

வீடு. இன்று வாசலில் வைத்த புட்டில் பாதி குறைந்திருக்கிறது.

நாளை:

1. லீவு. காரணம் எழுதுவதில்லை.
2. அம்மா வேலைக்குப் போகுமுன் போனை வாங்கி, சத்தத்தைக் கூட்டி வைப்பது.
3. எந்தப் பிரைவேட் நம்பரையும் விடுவதில்லை. டக்ட் கிளீனிங் என்றாலும்.
4. எட்டு மணிக்கே அண்ணாவின் கதவைத் தட்டித் திறப்பித்து, உள்ளே போய், போனோடு நிலத்தில் இருப்பது. துரத்தினாலும்.
5. அண்ணாவிடம் கேட்பது ஒரு சொல் மட்டும். "ஓம்."