அப்பா கட்டிய சத்தம் போடாத கம்ப்யூட்டர்

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர மற்றதெல்லாம் நலம், அங்கே அயர்லாந்தில் குளிரைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்க கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன். கடிதம் பார்த்து பயந்துவிடாதே கண்ணு, கெட்ட சேதி எதுவுமில்லை. போன சனிக்கிழமை அப்பாவோடு பேசி முடித்ததும் "அப்பாவுக்கு என் மேல வருத்தமா" என்று எனக்கு மெசேஜ் போட்டிருந்தாய், நான் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். விவரமாகச் சொல்ல வழியில்லை. போனில் பேசினால் பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடு என்கிறார், வாட்சப்பில் எழுதலாம் என்றால் என் போனைத் தன் கம்ப்யூட்டரோடு சேர்த்து வைத்திருக்கிறார், நான் உனக்கு அனுப்புவதெல்லாம் அங்கே பெரிய எழுத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் பேப்பரில் எழுதி சாம்பார் பொடிக்கும் வடகத்துக்கும் நடுவில் வைத்து அனுப்புகிறேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் இருவரும் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. நீ அங்கே காலைக் காபியோடு உட்காருவாய், இவர் இங்கே சோறு தின்று கைகழுவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவார். ஆயுசுக்கும் டி.வி.எஸ். வண்டியைத் தவிர எதையும் ஓட்டாத மனுஷன், எங்கேயோ பனிமலை ரோட்டில் மரக்கட்டை ஏற்றிக்கொண்டு உன் லாரிக்குப் பின்னால் போவார், வளைவு வந்தால் நாற்காலியோடு சாய்வார், எதிரில் வண்டி வந்தால் என்னை ஓரமாகப் போகச் சொல்வார். அதெல்லாம் எனக்குத் தொந்தரவில்லை. தொந்தரவு அந்தப் பழைய பெட்டிதான். லாரி கிளம்பிவிட்டால் அது மிளகாய் அரைக்கிற மில் மாதிரி இரையும். வெயில் ஏற ஏறச் சத்தமும் ஏறும். நான் தோட்டத்துப் பக்கம் போய்த்தான் உட்காருவேன். அந்த இரைச்சலோடு இவர் குரலும் சேர்ந்து உன் காதில் விழுந்தால் நீ என்ன செய்வாய் பாவம், இவர் பேச்சை அணைத்து வைத்துவிட்டு லாரியை மட்டும் ஓட்டியிருக்கிறாய். உன்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படி அணைக்கிற பொத்தான் ஒன்று கிடைத்திருந்தால் கல்யாணமான புதிதிலேயே அணைத்திருப்பேன்.

ஆனால் அதனால் என்ன ஆயிற்று தெரியுமா. உன் அப்பாவோடு பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்த பாண்டியன், இப்போது கம்மாபுரத்தில் இருக்கிறாரே, சுரங்கத்துக்கு நிலம் போய்விடுமோ என்று எந்த நேரமும் பேசிக்கொண்டிருப்பாரே அவர்தான், தன் மகன் வளவனுக்கு உன்னைக் கேட்டார். வளவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நான், பெண்ணிடம் கேட்காமல் வாய் திறக்காதீர்கள் என்றேன். சரி நானே கேட்கிறேன் என்று, கொஞ்ச நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை லாரி ஓட்டிக்கொண்டே உன்னிடம் கேட்டிருக்கிறார். பையன் பெயர், படிப்பு, குணம் எல்லாம் சொல்லி, உனக்குச் சம்மதமா என்று முடித்திருக்கிறார். நீ இவர் லாரி பின்னால் தயங்குவதைப் பார்த்து, வழி கேட்கிறார் என்று நினைத்து, "சரிப்பா, நேரா வாங்க, நான் முன்னாடி போறேன்" என்றிருக்கிறாய். இவர் பெட்டியை அணைத்துவிட்டு வந்து "பொண்ணு சரின்னுடுச்சி" என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கையில்லை. சுடிதார் நிறத்துக்கே ஒருதரம் சரி, ஒருதரம் வேண்டாம் என்று சொல்கிற பெண் நீ. ஆனால் அவர் அதற்குள் பாண்டியனுக்குப் போன் போட்டுவிட்டார். மறு வாரமே பாண்டியன் வூட்டுக்காரர்கள் பூவும் பழமுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நான் கேசரி கிண்டினேன். உன்னிடம் நானே கேட்கலாம் என்று போனை எடுத்தேன், அவள் வெட்கப்பட்டு உன்கிட்ட வேற பேச்சு பேசுவா, விடு என்று உன் அப்பா வாங்கி வைத்துவிட்டார்.

குட்டு உடைந்தது நீ அனுப்பிய போட்டோவால். இரண்டு லாரியும் பாலத்தின்மேல் நிற்கிறது என்று ஒன்று அனுப்பினாயே, அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு சட்டம் மாட்டவேண்டும் என்று சஹீர் கடைக்குப் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற சஹீர்தான், அந்தப் பழைய பெட்டியை விற்றவனும் அவனே. அவன் படத்தைப் பெரிது பண்ணிப் பார்த்துவிட்டு, மூலையில் பழமலைநாதன் என்ற இவர் பெயருக்குப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒலிபெருக்கி இருந்ததைக் காட்டி, "அண்ணே, பாப்பா உங்க சத்தத்த கட் பண்ணி வச்சிருக்குது, நீங்க பேசுனது எதுவும் அதுக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டான். எடுத்த நாளைப் பார்த்தால் சம்மதம் கேட்ட அதே சனிக்கிழமை. வூட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றார். "இவ்ளோ நாளும் நான் யாருகிட்ட பேசிக்கினு இருந்தேன் வாசுகி" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

மறுநாளே டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் போனார், நானும் பின்னால் உட்கார்ந்து போனேன், தனியாக விட்டால் இன்னும் எதையாவது முடித்துவிட்டு வருவார் என்ற பயம். அங்கே போய்த் தலையைக் குனிந்துகொண்டு, "பாண்டியா, எம்பொண்ணு எம்பேச்சக் கேக்கலடா" என்றார். பாண்டியன் இவர் தோளைத் தட்டி, "விடு பழமல, இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு அப்பன் பேச்சக் கேக்குது" என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இவர் "அது இல்லடா, நெசமாவே கேக்கல, காதுலயே வுழல" என்கிறார். அவர் "காதுல போட்டுக்க மாட்டாங்கடா, எனக்குத் தெரியாதா" என்கிறார். இரண்டு பேரும் இப்படியே போய்க்கொண்டிருந்தார்கள், கடைசியில் நான்தான் நடுவில் புகுந்து லாரிக் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாண்டியன் முகம் சுருங்கிப்போனது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷப் பழக்கம் இதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கோபத்தோடு மகனுக்குப் போன் போட்டார். அந்தப் பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்களையும் கேக்கல, என்னையும் கேக்கல, அப்புறம் யாருக்குப்பா கல்யாணம்" என்றானாம். பாண்டியன் போனை வைத்துவிட்டு உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வரும்போதே உன் அப்பா முடிவு செய்துவிட்டார். இனிமேல் உன்னிடம் ஒன்று கேட்டால் அது உனக்குக் கேட்கவேண்டும், அதற்குச் சத்தமே போடாத கம்ப்யூட்டர் ஒன்றைத் தானே கட்டப்போவதாகச் சொன்னார். சஹீர், சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றுவதால்தான் இரைச்சல், சூடு ஏறினால் இன்னும் வேகமாகச் சுற்றும் என்று பொறுமையாகச் சொன்னான். இவர் காதில் சத்தத்துக்குக் காரணம் ஃபேன் என்பது மட்டும் விழுந்தது. புதுச் சாமான்களை வாங்கி வந்து புதுப் பெட்டியாகப் பூட்டினார், அதுவும் இரைந்தது. லாரி ஓட்டும் படத்துக்கென்று உள்ளே ஒரு தனி அட்டை இருக்கிறது, அதுதான் அதிகமாகச் சுடுகிறதாம். நான் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த சமயம், என் பீரோவின் அடித்தட்டைக் காலி பண்ணி, பின்தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை விட்டு, பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். வந்து பீரோவைத் திறந்தால் அனல் அடிக்கிறது. மேல் தட்டில் இருந்த உன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருக்கும் பட்டுப்புடவை இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. சத்தம் போட்டேன். அந்தச் சத்தம் எந்தப் பீரோவிலும் அடங்காது என்று அவருக்குத் தெரியும், பெட்டியை வெளியே எடுத்துவிட்டார்.

அடுத்தது இதைவிட அருமை. அடுத்த தெரு அர்ச்சுனன் இன்னும் பீங்கான் கம்பெனிக்குப் போகிறாரே, அவரிடம் சொல்லி, சூடு வெளியே போகாமல் இருக்கச் சூளைக்கு உள்பக்கம் ஒட்டுகிற வெள்ளைப் பஞ்சில் மிச்சம் கொஞ்சம் வாங்கி வந்தார். ஃபேன்களில் ஒன்றை விட்டு மற்றதைக் கழற்றிப் போட்டார். பிறந்த குழந்தையைச் சுற்றுவது மாதிரி பெட்டியைப் பஞ்சால் சுற்றி, என்னைக் கூப்பிட்டு "ஏதாச்சும் கேக்குதா" என்றார். நிஜமாகவே எதுவும் கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லாரியைக் கிளப்பினார். ஒரு பாலம் தாண்டியதும் லாரி நொண்ட ஆரம்பித்தது, அப்புறம் திரை கறுத்துவிட்டது. "கரண்டு போயிடுச்சி" என்றார். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேலே பார்த்தேன், அவரும் பார்த்தார். அதற்குள் பஞ்சு பட்ட இடமெல்லாம் அவருக்கு அரிப்பெடுக்க, கொல்லையில் உட்காரவைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். கடைக்குக் கொண்டுபோனதும் சஹீர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லவேள, சூடு தாங்காம அதுவே தன்ன அணச்சிக்கிச்சிண்ணே, இட்லி ஊத்தி வச்சிருந்தா வெந்திருக்கும்" என்றான். பிறகு அவனும் சொறிந்துகொண்டே எங்களை வழியனுப்பினான்.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு டிகிரி சூளையைக் கட்டி மேய்த்தவன் நான், இந்தத் தகரப் பெட்டி தொண்ணூறுக்கே சுருண்டு விழுகிறது என்று அதைத் திட்டிவிட்டு, நீ கூப்பிட்டபோதெல்லாம் கரண்டு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு சும்மா கிடந்தார். சனிக்கிழமை மத்தியானத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, ஏங்க, சாமான் வெந்து முடிஞ்சதும் சூளைய எப்படி ஆற வைப்பீங்க என்று கேட்டேன். எடுத்த எடுப்பில் ஆற வைக்க முடியுமா, இந்தப் பக்கம் கொஞ்சம் திறக்கணும், அந்தப் பக்கம் கொஞ்சம் திறக்கணும், காத்து மெதுவா நுழைஞ்சு மெதுவா வெளிய போவணும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சஹீர் கடைக்குப் போய்விட்டார். அத்தனை வருஷமும் சூட்டை உள்ளே பிடித்து வைக்கச் சம்பளம் வாங்கிய மனுஷனுக்கு அதை வெளியே விடவேண்டும் என்று தோன்றவே இல்லை, வேறென்ன.

இந்தத் தடவை இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகச் செய்தார்கள். அகலமான பெட்டி, முன்பக்கம் முழுக்கச் சல்லடை. தட்டு அகலத்துக்குப் பெரிய ஃபேன்கள், முன்னாலிருந்து காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது, மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வருவதால் இரைச்சல் இல்லை. உள்ளே மூளை மாதிரி இருக்கிற சில்லுக்கு மேல் வெண்ணெய் மாதிரி ஒரு பசை தடவி, மெல்லிய தகடுகளாக அடுக்கிய ஒரு பெரிய கட்டியை உட்கார வைத்தார்கள், சுடுசோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆற வைக்கிறோமே அந்தக் கணக்குதான். படம் கண்ணுக்குத் தேவையான வேகத்துக்கு மேல் ஓடவேண்டாம் என்றும் கட்டுப்படுத்தி வைத்துவிட்டான் சஹீர், அதனால் அந்த அட்டை வீணாக உழைத்துச் சூடாவதில்லை. சுவரை ஒட்டாமல் மேசைமேல் வைத்திருக்கிறோம். சல்லடையில் அடைகிற தூசியைத் தட்டுவது என் வேலை, உன் அப்பா செய்தால் சல்லடை மிஞ்சாது. இப்போது லாரி மலை ஏறினாலும் பெட்டி ஓடுவது தெரிவதில்லை, பின்னால் கையை வைத்தால் வெதுவெதுப்பு அவ்வளவுதான். ஆனால் அது அடங்கியதும் சீலிங் ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்கிறது என்று அதை நிறுத்திவிட்டுப் பேசிப் பார்த்தார். பெட்டி ஆறியது, இவர் வெந்தார். அறை சூடானால் பெட்டியும் சூடாகும் என்று சஹீர் போனில் அதட்டிய பிறகுதான் மறுபடி போட்டுக்கொண்டார்.

புதுப் பெட்டி சத்தம் போடாது என்று அவர் மெசேஜ் போட்டதும் நீ அவர் பேச்சைத் திறந்துவிட்டாய், போன சனிக்கிழமை நடந்தது உனக்கே தெரியும். தெரியாதது, அவர் காலையிலேயே முகச்சவரம் செய்துகொண்டு சட்டை போட்டு உட்கார்ந்தது. நான் பேசறது கேக்குதாம்மா என்று எடுத்ததும் கேட்டாரே, நீ கேக்குதுப்பா என்றதும் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினார். பிறகு, உனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கலாமா, வேணாமா, எதுவா இருந்தாலும் சொல்லு என்று லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். உன் பதில் அவர் காதில் மாட்டியிருந்ததில்தான் வந்தது, எனக்குக் கேட்கவில்லை. முகத்திலும் ஒன்றும் பிடிபடவில்லை. சரிம்மா, சரிம்மா என்றார், மறுபடி லாரியை எடுத்து, கொண்டுபோகவேண்டிய இடத்தில் மரக்கட்டையை இறக்கிவிட்டுத்தான் எழுந்தார். அடுப்படிக்கு வந்து செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "வேணான்னு சொல்லிடுச்சி. இப்ப வேணாம்பா, வேணுங்கும்போது நானே சொல்றேன்னுச்சி" என்றார். நான் செம்பை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக, "ஒரு எழுத்து வுடாம கேட்டுது வாசுகி, பக்கத்துல குந்திக்கினு சொல்ற மாதிரி" என்றார். அப்புறம் ஒரு டீ போடேன் என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். இதுதான் கண்ணு உன் அப்பாவின் வருத்தம்.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும், உன் கை தொட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கவேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. நானே சொல்றேன் என்றாயே, அவசரமில்லை. என்றைக்காவது சொல்கிற நாள் வந்தால் அவரிடம் முதலில் சொல், எனக்கு அடுத்ததாகத் தெரிந்தால் போதும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா வாசுகி