ஜெசிகாவுக்கு நான் சொன்ன எண்

நவம்பர் 2, 2024, சனி

அம்மாவுக்கு மருந்து வாங்க மல்வேர்ன் மோலுக்குப் போனோம். பார்மசி வாசலில் ஜெசிகாவின் அம்மா நின்றா. ஐந்து நிமிடம் என்று தொடங்கி முக்கால் மணி நேரம் கதைத்தா. போனில் படம் காட்டினா. பச்சை ஜேர்சியில் ஜெசிகா, கையில் ஒரு கண்ணாடிக் கேடயம். அயர்லாந்துப் பெண்கள் உதைபந்தாட்ட லீக்கில் அவள் விளையாடும் கில்டரோ யுனைடெட்டின் ரசிகர்கள் இந்த வருடத்தின் சிறந்த வீராங்கனையாக அவளைத் தெரிவு செய்திருக்கிறார்களாம்.

"உங்கட தக்ஷிகாவும் நல்லா விளையாடினவ தானே."

விளையாடினவ. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டா.

பஸ்ஸில் அம்மா, "கெட்டிக்காரப் பிள்ளை, மனே" என்றா; மகளான என்னையும் மனே என்றுதான் கூப்பிடுவா. ஓம் என்றேன்.

இங்கே எழுதினால் யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூட ரீமுக்கு நான்தான் கப்டன். பதினோராம் வகுப்பு வரை ஜெசிகா பெஞ்சில் இருந்தவள். பத்தொன்பது வயதில், பல்கலைக்கழக அணியில் என் முதல் வருடம், முழங்கால் லிகமென்ட் அறுந்தது. ஊன்றுகோலோடு கோச்சிடம் போய், "நடுவில ஜெசிகாவைப் போடுங்கோ" என்று சொன்னது நான். அந்த இடத்தில் நின்றுதான் அவள் கனடாவிலிருந்து அயர்லாந்து வரை போனாள்.

நவம்பர் 5

ஒஷாவாவில் வேலையிடத்தில் லஞ்ச் நேரம். கோழிக்கறி ஆறிப்போனது. அங்கே ஜெசிகா போன்ற ஒருத்திக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பார்கள்?

நவம்பர் 9, சனி

முழு நாளும் இதிலேயே போயிற்று.

அங்கே கிளப்புகள் எல்லாம் கம்பனிகள். வருடாவருடம் அரசாங்கத்திடம் கணக்கு கொடுக்க வேண்டும். சில யூரோ கட்டினால் யாரும் வாங்கிப் பார்க்கலாம். பத்துக் கிளப்பின் கணக்கை வாங்கினேன். எட்டு வருடமாக ஒரு வெயர்ஹவுஸ் கம்பனிக்குச் சம்பளம் போடுகிறவளுக்கு இது தண்ணி பட்ட பாடு.

டப்ளின் பெரிய கிளப்பின் சம்பளச் செலவு கில்டரோவுடையதைப் போல ஒன்பது மடங்கு. ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆண்கள் அணி, பெண்கள் அணி, சிறுவர் கோச்சுகள், ரிக்கெற் விற்கிறவர், எல்லாரும் ஒரே வரியில் கிடக்கிறார்கள். பிரித்தால்தான் உண்மை வரும். ஆண்டறிக்கை, பேட்டிகள், எத்தனை பேருக்குக் கொன்ராக்ட் என்ற செய்தி, எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன். பெரிய கிளப் பெண்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்கிறது. சின்னக் கில்டரோ தன் மொத்தத்தில் கால்வாசியைப் பெண்களுக்குச் செலவழிக்கிறது. அங்கே முதல் பதினொருவரில் ஒருத்திக்குக் கிழமைக்கு நானூற்றைம்பதிலிருந்து ஐந்நூறு யூரோ வரை கிடைக்க வேண்டும்.

ஜெசிகாவுக்கு இருநூற்றிருபது. இரண்டு வருடத்துக்கு முன்னர் புதிதாகப் போனபோது போட்ட கையெழுத்து. அவளே சொன்னவள்.

என் சம்பளத்தில் மூன்றில் ஒன்றும் வராது. இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தேன்.

நவம்பர் 10

"என்ன மனே, முகத்தில ஒரு சிரிப்பு?" என்று அம்மா கேட்கிறா.

நவம்பர் 23, சனி

ஜெசிகா போன் எடுத்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு. பின்னால் கடற்காகங்கள் கத்துகின்றன. அங்கே மாலையாகிவிட்டது.

"தக்ஷி, ஒரு ஹெல்ப். என்ர கொன்ராக்ட் முடியுது. புதுசு தரப் போகினம். எவ்வளவு வேணும் எண்டு என்னைக் கேக்கினம். எனக்கு ஒரு ஐடியாவும் இல்லையடி. நீ தானே பேரோல் செய்யிறனீ?"

ஏஜென்ட் இல்லையா என்று கேட்டேன். சிரித்தாள். "என்ர சம்பளத்துக்கு ஏஜென்டோ? விடிய அஞ்சு மணிக்கு ஹொட்டேல்ல கட்டில் விரிச்சிட்டுத்தான் ரெயினிங்குக்கே போறன். இந்த முறை கொஞ்சம் கூடக் கிடைச்சா அதை விட்டிடலாம்."

என் மடிக்கணினி திறந்துதான் கிடந்தது. நான் கணக்குப் போட்ட ஃபைலில் கில்டரோவின் வரி மஞ்சளில்.

"முந்நூறு கேள்," என்றேன். "அதுக்கு மேல கேட்டா வேற ஆளைப் பாப்பினம்."

"ஷுவரா?"

"ஓம். சின்னக் கிளப் தானே."

"தேங்க்ஸ் அடி. நீ இல்லாட்டி இருநூற்றைம்பதுதான் கேட்டிருப்பன்."

நவம்பர் 24

நான் பார்த்தது போன வருடக் கணக்கு. இந்த வருடம் மாறியிருக்கலாம். என் கணிப்பே பிழையாக இருக்கலாம். முந்நூறு என்பது இருநூற்றிருபதை விட எண்பது கூட. அவளுக்கு லாபம்தானே?

அப்படியென்றால் ஏன் அந்த ஃபைலைப் பற்றி அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை?

டிசம்பர் 4

கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். ஒரு வருடம், முந்நூறு. "நான் சொன்ன உடன ஓம் எண்டிட்டினம்" என்று எழுதியிருக்கிறாள், பக்கத்தில் மூன்று இதயம்.

உடனே ஓம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 27, வெள்ளி

நத்தார் விடுமுறைக்கு ஜெசிகா வந்திருக்கிறாள். வோபர்னில் ஒரு கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டோம். பக்கத்து மேசைப் பெடியன் ஒருவன் வந்து, "நீங்கள் அயர்லாந்தில விளையாடுறவ எல்லோ?" என்று கேட்டு அவளோடு செல்ஃபி எடுத்தான். போனை என்னிடம் தந்து எடுக்கச் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன். முதல் படம் ஆடிவிட்டது. உண்மையில் ஆட்டினேன். மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அவன் போன பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல் மடிப்பெல்லாம் வெடித்து, கழுவும் மருந்து பட்டுச் சிவந்து கிடந்தது.

"புதுசா ஒருத்தி வந்திருக்கிறாள், என்ர பொசிஷன்தான்," என்றாள். "அவளுக்கு நானூற்றி எண்பதாம். மனேஜரே வாய் தவறிச் சொல்லிட்டார். நான் கேட்டிருந்தா எனக்கும் தந்திருப்பினமாம்."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"உன்ர பிழை இல்லை. உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லி, தன் தட்டிலிருந்த முட்டைத் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

டிசம்பர் 28

எனக்குத் தெரியும். தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான் —

என்ன மனுசி நான்? அவள் விடிய நாலரைக்கு எழும்பிப் பனிக்குளிருக்குள்ள நடக்கிறாள், இன்னும் ஒரு வருசம் நடக்கப் போறாள். அது என்ர வாயால வந்தது. என்ர முழங்காலை அவளோ உடைச்சவள்?

சொல்லாமல் விட்டால் அவளுக்கு ஒருநாளும் தெரியவராது. காலையிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃபைலை அனுப்பிவிட்டேன். பத்துக் கிளப்பும், மஞ்சள் வரியும், நான் எழுதி வைத்த திகதியும், எதையும் அழிக்காமல். கீழே எழுதினேன்: "நீ கேக்கேக்க இது என்ர முன்னால இருந்தது. வேணுமெண்டுதான் குறைச்சுச் சொன்னனான். பொறாமை."

டிசம்பர் 29

"நவம்பர் 9?" என்று மட்டும் பதில் வந்தது.

"ஓம்."

பிறகு ஒன்றுமில்லை.

ஜனவரி 4, 2025

திரும்பிப் போய்விட்டாளாம். அவளுடைய அம்மா சொல்லித்தான் தெரியும்.

மார்ச் 8, சனி

கில்டரோவின் முதல் ஆட்டம். இணையத்தில் காசு கட்டிப் பார்த்தேன். எழுபதாவது நிமிடத்தில் ஜெசிகா இடுப்பில் கை வைத்து நின்றாள். வர்ணனையாளர் பெருமையாகச் சொல்கிறார்: இந்தப் பெண் காலை ஐந்து மணிக்கு ஹொட்டேலில் வேலை முடித்துவிட்டு வருகிறாள், என்ன அர்ப்பணிப்பு!

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஐந்து மணிக்குத்தான் அந்த வேலை தொடங்குகிறது என்று அவருக்குத் திருத்திச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஜூன் 14

அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டா. "ஜெசிகாவோட சண்டையோ?"

"நான் அவளுக்கு ஒரு துரோகம் செய்திட்டன்."

கத்தி நின்றது. "போய்ச் சொல்லன்."

"சொல்லிட்டன் அம்மா."

அம்மா மிச்சத்தையும் வெட்டி முடித்தா. பிறகு, "அப்ப இனி அவள்தான் கதைக்க வேணும்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டா.

ஆகஸ்ட் 9

இருபத்தைந்து மீற்றர் தூரத்திலிருந்து ஜெசிகா இடது காலால் அடித்தாள். வலையின் மூலையில் போய் விழுந்தது. எழும்பிக் கத்தினேன். கத்தி முடிந்த அதே நொடியில் நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல். அது நான்தான் அடித்திருக்க வேண்டியது என்று. ஏழெட்டு மாதமாக வெட்கப்பட்டும் அது போகவில்லை. இனிப் போகும் என்றும் நினைக்கவில்லை.

நவம்பர் 15, சனி

மெசேஜ். பத்தரை மாதத்துக்குப் பிறகு. நலமா என்றுகூட இல்லை.

"புதுக் கொன்ராக்ட். எவ்வளவு கேக்கலாம்? பிளேயர்ஸ் யூனியனிட்டயும் கேட்டனான். நீ என்ன சொல்லுறாய் எண்டு பாப்பம்."

சோதிக்கிறாள். சோதிக்கட்டும்.

புதுக் கணக்குகள் போன மாதம்தான் வந்தன. வாங்கினேன். கில்டரோ இந்த வருடம் இரண்டு பெரிய விளம்பரதாரர்களைப் பிடித்திருக்கிறது. அது சம்பள வரியில் இன்னும் ஏறவில்லை, வேறொரு பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடந்தது. அதையும் சேர்த்துப் போட்டால் வருகிற எண்ணை மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். கனேடியக் காசுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, என் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைக்க. மாற்றவில்லை.

"அறுநூற்றி இருபது," என்று எழுதினேன். எந்தப் பக்கம், எந்த வரி என்றும் எழுதினேன். "முதல் தரம் இல்லை எண்டுவினம். விட்டுக்குடுக்காத."

நவம்பர் 18

காலை ஒஷாவா பஸ்ஸில் இருக்கும்போது பதில் வந்தது.

"யூனியன் சொன்னது அறுநூறு."

கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"உன்ர நம்பரைக் கேக்கப் போறன்."