தோளில் இருக்கும் கை

விருத்தாசலம்
ஆகஸ்ட் 3, 2025

அன்புள்ள அன்பரசனுக்கு,

மதிவதனி எழுதுவது. கயல்விழியின் தையல் கடைக்கு நீங்கள் போட்ட கடிதம் பத்திரமாகக் கிடைத்தது. என் போன் அத்தை கையில்தான் இருக்கிறது, அதனால் பேச முடியவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேப்பூரில் வண்டிச் சோதனையின்போது லாரி மோதி என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது, பணியில் இறந்த போலீஸ்காரர்களுக்கு நினைவுத்தூண் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது. அவருக்கு எங்கள் வாசலிலேயே கட்டுகிறார்கள். மனைவி கையெழுத்து வேண்டும் என்றார்கள், போட்டேன். அக்டோபர் 21 திறப்பு. அதோடு என் கடமை முடிந்தது. அன்றைக்கே மாமாவிடம் நம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, குழந்தை வெண்பாவோடு வந்துவிடுகிறேன்.

உங்கள்
மதி

மோர்பி, குஜராத்
ஆகஸ்ட் 19

என் மதிக்கு,

இங்கே டைல்ஸ் சூளையில் வேலை பழகிவிட்டது. குழம்பில் சர்க்கரை போடுகிறார்கள், அதுதான் பழகவில்லை. வெண்பாவுக்கு இரண்டாம் வகுப்பில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். 22ஆம் தேதி காலையில் விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்பேன்.

தங்கராசு அண்ணனுக்குத் தூண் வைப்பது நியாயம்தான். ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? நீ படித்திருக்க மாட்டாய். உனக்குப் பேனாவை நீட்டினால் போதுமே!

அன்புடன்
அன்பரசன்

விருத்தாசலம்
செப்டம்பர் 28

அன்புள்ளவருக்கு,

நீங்கள் பயந்தது சரி. அரசாங்கப் பணம் கட்டுவதற்கு மட்டும்தானாம். தினமும் துடைத்து விளக்கேற்றுவது குடும்பத்தின் பொறுப்பு. பொறுப்பாளர் என்று மாமா என் பெயரை எழுதியிருக்கிறார்.

"எத்தினி நாளைக்கு மாமா?" என்று கேட்டேன்.

"நீ இருக்குற வரைக்கும்மா" என்றார், ஏதோ பதவி கொடுத்த மாதிரி.

இன்னொன்று. தூணில் வைக்க அவர் படத்தைப் பீங்கான் தட்டில் பதித்துச் சுட்டிருக்கிறார்கள். யூனிபார்மில் அவர் சிரிக்கிற படம் ஒன்றுதான் உண்டு. கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்தது. அவர் உட்கார்ந்திருக்க, நான் பின்னால் நின்றேன். என்னை வெட்டிவிட்டார்கள். அவர் தோளில் வைத்த என் கையை மறந்துவிட்டார்கள். நாலு விரல், ஒரு மோதிரம்.

"சுட்ட பொறவு அழிக்க முடியாதுங்க" என்றார் சூளைக்காரர். அத்தை அந்த விரல்களைத் தடவித் தடவி அழுதார்கள். இப்படியே இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

மதி

விருத்தாசலம்
அக்டோபர் 22

அன்பரசன் அவர்களுக்கு,

நேற்று திறப்புக்கே வருவீர்கள் என்று நினைக்கவில்லை. பெரிய அதிகாரி எனக்குச் சால்வை போர்த்தியபோது கடைசி வரிசையில் உங்களைப் பார்த்தேன். எல்லோரும் தூணின் அடியில் பூப்போட்டுப் போனார்கள். நீங்கள் மட்டும் மாலையை இழுத்து அந்த விரல்களை மறைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். எனக்குத் தைரியம் வந்தது. மாமாவிடம் சொல்லிவிட எழுந்தேன்.

அதற்குள் அத்தை போய் மாலையை விலக்கிவிட்டார்கள். "ஒன் கை மறையுதும்மா. அவன் தனியா இருப்பான்ல" என்றார்கள்.

திட்டியிருந்தால் கிளம்பியிருப்பேன். அந்த மனுஷியிடம் என்ன சொல்வது?

இன்று காலை ரயில் சத்தம் வீடு வரை கேட்டது. நீங்கள் பிளாட்பாரத்தில் நின்றிருப்பீர்கள். அப்போது தூணில் அவர் படத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெண்பா தண்ணீர் ஊற்றினாள்.

இனிமேல் கயல்விழி கடைக்குக் கடிதம் போட வேண்டாம்.

இப்படிக்கு
மதிவதனி தங்கராசு