ஒரு வாளி பச்சத்தண்ணி

மச்சான்,

பாடி பஸ் ஸ்டாப் சுவரில் இன்று காலை உன் போஸ்டரைப் பார்த்தேன். மைதாப் பசை காயாமல் புளித்த வாடை அடித்துக்கொண்டிருந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு ஒட்டியிருக்கிறார்கள். கறுப்புக் கட்டத்துக்குள் நீ. உன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. மீசைக்குக்கூட நரை இல்லை. கீழே உன் பெயர். அதற்கும் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில், அடைப்புக்குறிக்குள்: பச்சத்தண்ணி. அது இல்லாவிட்டால் செத்தது யாரென்று ஊருக்குத் தெரியாதாம்.

நகத்தால் சுரண்டினேன். ஈரமாக இருந்ததால் அந்த வார்த்தை மட்டும் ஒரு துண்டாகக் கையோடு வந்தது. எதிரே டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "இன்னா அண்ணாத்தே, செத்தவன் போஸ்டர போய் கிழிச்சிகினு கீற?" துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் நம்பர் பார்ப்பவன் மாதிரி நின்றேன். திருட்டு முழி முழிப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. உனக்குத் தெரியாததா.

எண்பத்தைந்தாம் வருஷமோ, ஆறோ. பூந்தமல்லியிலிருந்த உன் அண்ணனிடம் அந்தப் பழைய லாரியை வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வார்ப்பிரும்பு ஏற்றிப் போவாய். அங்கே ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்த நான், சாயங்காலம் உன் பக்கத்தில் தொற்றிக்கொள்வேன். கூலியாக ஊர்வம்பு. யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதை இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்வேன்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஃபேன் பெல்ட் அறுந்தது. பங்குனி வெயில். ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. நீ பெல்ட் வாங்கக் கிளம்பும்போது சொன்னாய்: "நா வர்ற வரிக்கும் தொடாத மாமே. அதுவா ஆறட்டும்."

எனக்கு நூம்பலில் ஒரு கல்யாண வரவேற்பு. பிரியாணி தீர்ந்துவிடுமே என்ற கவலை. உனக்கு உபகாரம் செய்வதாக நினைப்பு வேறு. ஏரியில் ஒரு வாளி மொண்டு வந்து, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, ஊற்றினேன். உள்ளே எங்கோ 'டிக்' என்றது. முறுக்கு ஒடிகிற சத்தம்கூட அதைவிடப் பெரிசு. மூடியைத் திருகிவிட்டு வாளியைக் கொக்கியில் மாட்டினேன். நீ வந்து, "ஆறிடுச்சா?" என்றாய். "ஆறிடுச்சி" என்றேன்.

மறுநாளிலிருந்து இஞ்சின் பக்கவாட்டில் தண்ணீர் கசிந்தது. இஞ்சினின் இரும்பு உடம்பான பிளாக்கில் விரிசல். உனக்கு ஒரே சந்தேகம்தான்: அண்ணன் விரிசலை அடைத்துப் பெயிண்ட் அடித்து உன் தலையில் கட்டிவிட்டார். "மாதா மேல சத்தியம் பண்ணிக் குட்தான் மாமே. கூடப் பொறந்தவனே இப்டி பண்ணா?" பூந்தமல்லிப் பக்கம் போவதையே நிறுத்தினாய். ஈஸ்டருக்கும் போகவில்லை. உன் அண்ணி இரண்டு முறை ஆள் அனுப்பினார். ஊரில் எல்லார் வீட்டுச் சண்டைக்கும் காரணம் தெரிந்து இலவசமாக விநியோகித்து வந்த நான், இந்த ஒன்றை மட்டும் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அம்பத்தூரில் பிளாக் தைக்கிற மேஸ்திரியிடம் போனோம். விரிசல் நெடுக ஓட்டை போட்டு, ஒன்றை ஒன்று கடித்துக்கொள்கிற மாதிரி திருகாணிகளை இறக்குவார். தையல் என்றுதான் பெயர். முதலில் கிருஷ்ணாயிலைத் தடவித் துடைத்தார். மேலே சாக்பீஸ் தூளைத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து ஓர் ஈரக்கோடு மெல்ல எழுந்து வந்தது. பொய் சொன்னவன் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாத காட்சி.

துளைத்துப் பார்த்த மேஸ்திரி, "பழசு இல்லபா. பழசுன்னா உள்ள துரு ஏறியிருக்கும். இது பளபளன்னு கீது. கொதிக்கிற இஞ்சின்ல எவன் பச்சத்தண்ணி ஊத்துனது?" என்றார்.

நான் சுவர்க் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று தேட ஆரம்பித்தேன். நீ என்னைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு அவரிடம், "நான்தான். அவசரம்" என்றாய்.

"டிரைவர் பண்ற வேலயாடா இது?" பட்டறையே சிரித்தது.

வெளியே வந்ததும், "மச்சான்..." என்று இழுத்தேன்.

"நீ சொன்னா எங்கண்ணன் உன்ன ஊட்டுக்குள்ள சேக்க மாட்டான். நா தம்பி. நாலு அறை உட்டுட்டு சோறு போடுவான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பூந்தமல்லிக்குப் போனோம்; அப்படியே நடந்தது. அறைகூட இரண்டுதான்.

அத்தோடு விட்டிருந்தால் நான் மனுஷன். கறிச்சோறு உள்ளே இறங்கிய தெம்பில், நீ வாளியைத் தூக்கிக்கொண்டு ஏரியிலிருந்து ஓடி வந்ததை நடித்துக் காட்டினேன். தத்ரூபமாக இருந்தது, இருக்காதா பின்னே. உன் அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பச்சத்தண்ணி என்கிற பெயர் அன்றைக்கு என் வாயிலிருந்துதான் விழுந்தது. ஆவடி வரைக்கும் போனது. பிற்பாடு நீ சம்பளத்துக்கு ஓட்டப் போனபோது, புது லாரி எடுத்த ஒரு முதலாளி, "பச்சத்தண்ணி கையிலயா குடுக்கறது?" என்று வேறு டிரைவரை வைத்துக்கொண்டார். அதையும் நீதான் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. சிரித்திருப்பேன்.

இன்று பூசை முடிந்து உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று சொன்னேன்: "ஊத்துனது அவன் இல்ல. நான்."

உன் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "இத்தினி வருசம் கழிச்சி கதைய மாத்திப் போட்றான் பாரு."

"சத்தியமா நான்தாண்ணே."

அதற்கு இன்னும் சிரிப்பு. மூலையில் உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். "முப்பது நாளா இப்பதான் சிரிக்கிது" என்றார் உன் அண்ணி. மூன்றாவது முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், அந்தத் துண்டு பைத் துணியோடு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. "தண்ணில ஊறப் போட்டா வந்துடும்" என்று என் மனைவி வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அது என் பெயர், மச்சான். என்னிடமே இருக்கட்டும்.