கேரேஜுக்கு நாலடி உயரம் கூட்டியாச்சு

என்னங்க,

தங்கை வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மேஜைமேல், சாவி பூந்தொட்டிக்கு அடியில். பத்து மணிக்குக் கொத்தனார் வருவார்.

நீங்கள் கட்டப்போகும் கேரேஜின் வரைபடத்தைப் பார்த்தேன். உள்ளேயே படுத்துத் தூங்குகிற அந்தப் பழைய கேம்பர் வேனை மூக்கிலிருந்து வால்வரை ஆயிரம் தடவை அளந்திருக்கிறீர்கள். கல்யாணமாகி நாற்பது வருஷம், என் செருப்பு அளவு தெரியுமா உங்களுக்கு? “பாவம், இவ வெயில் தாங்கமாட்டா”ன்னு நேற்று அந்த வேனைத் தடவிக்கொடுத்தீர்களே, மாடியில் துணி உலர்த்துகிற நான் என்ன இரும்பா?

இத்தனை அளந்தும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். வேன் கூரையை மேலே தூக்கினால்தானே மேல் படுக்கை விரியும்? கேரேஜில் அதற்கு உயரமே இல்லை. நாலடி கூட்டச் சொல்லிக் கொத்தனாருக்கு போன் போட்டுவிட்டேன்.

பி.கு.: அவள்மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். மழைநாளில் மேல் படுக்கையில் நாம் இருவர். அவள் கீழே நின்று நம்மைச் சுமக்கட்டும்.