காபித்தூள் டப்பாவைத் தேடாதீங்க

என்னங்க,

தைராய்டுக்கு ரத்தம் குடுத்துட்டு டாக்டரைப் பார்க்கப் போறேன். உங்களை எழுப்பலை. உங்க மகாராணி தொட்டில்ல இருந்து உங்க விரலைப் பிடிச்சுக்கிட்டே தூங்குறா, அதைப் பிரிக்க நான் யாரு. அவளுக்குப் பால் எடுத்து ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன். வெந்நீர்ல வெச்சு இளஞ்சூடா குடுங்க, அடுப்புல வைக்காதீங்க. சாவி என்கிட்ட இருக்கு. பெல் அடிச்சு அவ முழிச்சா என்னைத்தானே திட்டுவீங்க.

காபித்தூள் டப்பாவை நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்.

அவ வயித்துல இருந்தப்ப தினமும் காலையில தைராய்டு மாத்திரையும் தண்ணியுமா வந்து நிப்பீங்க. உடனே காபி குடிச்சா மாத்திரை சரியா வேலை செய்யாதுன்னு டப்பாவையே ஒளிச்சு வெப்பீங்க. இந்த மனுஷனுக்கு என் மேல எவ்வளவு பாசம்னு பூரிச்சுப் போனேன். மாத்திரையை விட்டா குழந்தையோட மூளை வளர்ச்சி பாதிக்கலாம்னு டாக்டர் சொன்னதுக்காகத்தான்னு இப்பத்தான் புரியுது.

அவ குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தப்ப அழுதீங்க. அவளுக்குத் தைராய்டு இல்லைன்னதும் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னீங்க. எனக்கு இன்னும் இருக்குங்க. நேத்து மாத்திரை போட மறந்தே போயிட்டேன். நீங்க எழுந்ததும் என் கையில காபியைக் குடுத்துட்டு அவகிட்ட ஓடிட்டீங்க.

மகாராணியைப் பெத்தவ

டயப்பர் கட்டிலுக்குக் கீழ இருக்கு.

டப்பா எங்கன்னு கேக்க போன் பண்ணாதீங்க. டாக்டர் எனக்கு என்ன சொன்னார்னு கேக்கப் பண்ணுங்க. டப்பா இருக்கிற இடத்தை நானே சொல்றேன்.